வீட்டுப் பட்டறைக்கு எத்தனை அடி வேண்டும்? இராமநாதபுரம் கடலோரத்துக்கான முழு வழிகாட்டி

வீட்டோடு ஒரு பட்டறை வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் கொத்தனாரைக் கூப்பிட்டு, "கார் நிற்கிற மாதிரி ஒரு செட் போட்டுக் கொடுங்கள்" என்று சொல்கிறார்கள். அவரும் பத்துக்குப் பதினாறு என்று கயிறு கட்டிவிடுகிறார். கார் உள்ளே போய் நிற்கிறது. ஆனால் முதல் தடவை சக்கரத்தைக் கழற்றும்போதே முழங்கை சுவரில் இடிக்கிறது. ஜாக்கியின் கைப்பிடியை முழுதாக அழுத்த இடமில்லை. கடைசியில் வண்டியைத் தெருவில் நிறுத்தி வெயிலில் வேலை பார்க்கிறார்கள், செட்டில் பழைய கட்டில்கள் சேர்கின்றன.

வண்டி நிற்கும் இடத்தை வண்டியின் அளவு தீர்மானிக்கும். பட்டறையின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது அதில் நடக்கப்போகும் வேலை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலான நம் கரையில் இதோடு உப்புக்காற்று, மணல், மழைக்காலத்தில் மேலேறி வரும் நிலத்தடி நீர் ஆகியவையும் கணக்கில் சேர வேண்டும். மதுரையில் ஒருவர் கட்டிய பட்டறையின் வரைபடத்தை அப்படியே எடுத்து வந்து கீழக்கரையில் கட்டினால் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் தகரம் துளைபட்டுவிடும்.

படி 1: உள்ளே வரப்போகும் வண்டிகளை எழுதுங்கள்

ஒரு தாளில், இன்று வீட்டில் இருக்கும் வண்டிகளையும், அடுத்த பத்து ஆண்டுகளில் உண்மையாகவே வாங்கக்கூடிய வண்டியையும் எழுதுங்கள். "எப்போதாவது லாரி வந்தால்" என்று எழுதாதீர்கள். வராத லாரிக்காகக் கட்டிய கூரைக்கும் வருடா வருடம் வண்ணம் பூச வேண்டியிருக்கும்.

நம் பக்கம் வழக்கமாக வரும் வண்டிகளின் தோராயமான அளவுகள் இவை:

- ஸ்விப்ட் போன்ற சிறிய கார்: நீளம் 12 அடி 8 அங்குலம், அகலம் 5 அடி 8 அங்குலம்
- பொலேரோ: நீளம் 13 அடி 1 அங்குலம், அகலம் 5 அடி 9 அங்குலம், உயரம் 6 அடி 2 அங்குலம்
- இன்னோவா கிரிஸ்டா: நீளம் 15 அடி 6 அங்குலம், அகலம் 6 அடி
- டாடா ஏஸ் என்னும் குட்டி யானை: நீளம் 12 அடி 6 அங்குலம், அகலம் 5 அடி
- பயணிகள் ஆட்டோ: நீளம் 8 அடி 8 அங்குலம், அகலம் 4 அடி 3 அங்குலம்
- புல்லட்: நீளம் 7 அடி, கைப்பிடியோடு அகலம் 2 அடி 7 அங்குலம்

சிறிய கார்கள் பலவும் நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே இருப்பதைக் கவனியுங்கள். நான்கு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பதால் கம்பெனிகள் அந்த எல்லைக்குள் நிறுத்திக்கொள்கின்றன. அதனால் 13 அடி 2 அங்குலம் என்று வைத்துக்கொண்டால் இந்த வகைக் கார்கள் எல்லாமே அடங்கிவிடும். அகலத்துக்குப் பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து ஆறரை அடி வையுங்கள்.

மீன்பிடிக் குடும்பமாக இருந்தால் படகு எஞ்சினையும் இந்தத் தாளில் சேருங்கள். பைபர் படகின் எஞ்சினை வீட்டுக்குத் தூக்கி வந்து பிரிப்பது நம் ஊர்களில் வழக்கம்தான். அவுட்போர்டு எஞ்சினை ஸ்டாண்டில் மாட்டி, நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் இறக்கி ஓட்டிப் பார்க்க நாலுக்கு நாலு அடி இடம் வேண்டும். அதை வாசலை ஒட்டி ஒதுக்குங்கள். புகையும் சிந்தும் தண்ணீரும் உள்ளே தங்காது.

படி 2: வண்டியைச் சுற்றி மனிதனுக்கு இடம்

பட்டறையின் உண்மையான அளவு இந்தப் படியில்தான் தெரியவரும். அவசரப்பட வேண்டாம்.

பக்கவாட்டில் மூன்றடிக்குக் குறையக் கூடாது. ஒரு பொலேரோவின் பின் அச்சில் பேரிங் மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரமும் டிரம்மும் கழன்ற பிறகு அச்சுத்தண்டை வெளியே இழுக்க வேண்டும். அது மேலேயோ கீழேயோ வராது, நேராகப் பக்கவாட்டில்தான் வரும். நீளமான இரும்புத் தண்டு அது. இழுப்பவர் குந்தியிருக்கிறார், முதுகு சுவர்ப் பக்கம். தண்டின் பல் முனை உள்ளே இருக்கும் ஆயில் சீலில் உரசாமல் வர, இரண்டு கையாலும் அதைக் கிடைமட்டமாகத் தாங்கியபடி பின்னால் நகர வேண்டும். மூன்றடி இருந்தால் தண்டைச் சற்றுச் சாய்த்து எடுத்துவிடலாம். இரண்டடிதான் இருந்தால், ஜாக்கியில் நிற்கும் வண்டியை அசைத்து நகர்த்த வேண்டி வரும். உயிருக்கே ஆபத்தான வேலை அது. அதனால் ஒரு பக்கமாவது நான்கடி விடுங்கள்.

முன்பக்கம் நான்கடி. பானெட்டைத் திறந்து குனிந்து நிற்க அது போதும். ஆனால் எஞ்சினை இறக்கச் சக்கரத்தில் உருளும் கிரேன் பயன்படுத்துவதானால் ஆறடி வேண்டும், ஏனென்றால் கிரேனின் உடல் முழுதும் பம்பருக்கு முன்னால்தான் நிற்கும். மேலே கர்டரில், அதாவது இரும்பு உத்தரத்தில், செயின் பிளாக் என்னும் சங்கிலித் தூக்கியைத் தொங்கவிட்டால் நான்கடியே போதும். எஞ்சினைத் தூக்கி நிறுத்திவிட்டு வண்டியைப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். கிரேனுக்குத் தரும் காசில் நல்ல கர்டரே போட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். வீட்டுப் பட்டறையில் எஞ்சின் இறக்கும் வேலை எப்போதாவதுதான் வரும். உருளும் கிரேனோ ஆண்டு முழுவதும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

பின்பக்கம் மூன்றடி. பின் கதவு மேலே திறக்கும் காராக இருந்தால் அதைத் திறந்து வைத்தபடி நடமாட இது தேவை.

வேலை மேசைக்கு இரண்டடி ஆழம். இதைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்களே அதிகம்.

இப்போது கூட்டுங்கள். ஒரு சிறிய கார் என்றால், பக்கக் கண்ணாடிகளை மடக்கிவிட்டால் அகலத்துக்கு ஆறு, பக்கவாட்டில் மூன்றும் மூன்றும், மேசைக்கு இரண்டு: மொத்தம் 14 அடி. மேசை இல்லாத பக்கத்தை நான்கடியாக்கினால் 15. நீளத்துக்குப் பதின்மூன்று, நான்கு, மூன்று, முன் சுவரில் அலமாரிக்கு இரண்டு: மொத்தம் 22 அடி. பதினான்குக்கு இருபத்திரண்டு என்பது 308 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், ஒரு சென்ட்டுக்குள்ளேயே முழுமையான ஒரு கார் பட்டறை அடங்கிவிடுகிறது. பைக்கும் நிரந்தரமாக உள்ளே நிற்குமானால் அகலத்தில் நான்கடி சேர்த்துப் பதினெட்டு ஆக்குங்கள். இன்னோவா என்றால் நீளம் 25 அடி. இரண்டு கார்களை அருகருகே நிறுத்தி வேலை பார்க்க 24-க்கு 24 வேண்டும். இரண்டு கார்களுக்கும் இடையே நான்கடி இருக்கட்டும்.

படி 3: தரையில் கோலப்பொடியால் வரையுங்கள்

கணக்கு முடிந்ததும் வெறும் நிலத்தில் அதே அளவுக்குக் கோலப்பொடியாலோ சுண்ணாம்பாலோ கோடு போடுங்கள். வண்டியைக் கொண்டுவந்து கோட்டுக்குள் நிறுத்துங்கள். நான்கு கதவுகளையும் பானெட்டையும் திறந்து வையுங்கள். மேசை வரும் இடத்தில் ஒரு பெஞ்சைப் போடுங்கள். ஜாக்கியை ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் வைத்துக் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பிறகு பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து வெளியே வாருங்கள். வெளியே வந்து எழும்போது கோட்டைத் தாண்டினால், அந்த இடத்தில் சுவரில் முட்டிக்கொள்வீர்கள்.

ஒரு மாலை நேரம்தான் செலவாகும். கட்டிய சுவரை இடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது இலவசம்.

படி 4: உயரம்

தரையில் ஜாக்கி வைத்து மட்டும் வேலை என்றால் கூரையின் தாழ்ந்த பக்கம் பத்தடி போதும். தகரக் கூரைக்கு அதற்குக் குறைவாக வைத்தால் சித்திரையில் உள்ளே நிற்க முடியாது.

செயின் பிளாக் போட நினைத்தால் இப்படிக் கணக்கிடுங்கள். எஞ்சினின் அடிப்பாகம் முன் கிரில்லைத் தாண்ட மூன்றரை அடிக்கு மேல் எழ வேண்டும். எஞ்சினின் உயரம் இரண்டரை அடி, கட்டும் சங்கிலிக்கு ஒன்றரை அடி, செயின் பிளாக்குக்கு ஒன்றரை அடி. ஆக, ஒன்பது அடி. சற்று இடம் விட்டு, கர்டரின் அடிப்பாகம் ஒன்பதரை அடிக்காவது மேலே இருக்க வேண்டும். கர்டரைச் சுவரில் செருகாமல் தனித் தூண்களில் நிறுத்துங்கள். உப்பால் உதிரும் செங்கல் சுவரை நம்பி எஞ்சினைத் தொங்கவிடக் கூடாது.

இரண்டு தூண் லிப்ட் வைப்பதானால் கணக்கே வேறு. வண்டி ஆறடிக்கு எழும்பும். பொலேரோவின் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். கூரை பதின்மூன்று அடியாவது இருக்க வேண்டும், லிப்டுக்கான அகலம் பன்னிரண்டு அடிக்குக் குறையக் கூடாது. காற்று வலுவாக அடிக்கும் திறந்த கரையில் அவ்வளவு உயரமான செட் பெருஞ்செலவு. வாரத்துக்கு ஒரு வண்டியாவது தூக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் யோசியுங்கள்.

படி 5: வாசல்

காருக்கு ஒன்பதடி அகலம் குறைந்தபட்சம், பத்தடி நல்லது. உயரம் எட்டடி. கூடு கட்டிய குட்டி யானை வருமானால் அந்தக் கூட்டின் உயரத்தை நேரில் அளந்து, அதற்கு மேல் ஓரடி விடுங்கள்.

ரோலிங் ஷட்டர் போட்டால், சுருண்ட ஷட்டர் வாசலுக்கு மேலே ஒன்றரை அடி வரை இடம் பிடிக்கும். எட்டடி வாசல் வேண்டும் என்றால் அந்தப் பக்கச் சுவர் ஒன்பதரை அடி இருக்க வேண்டும். உப்புக்காற்றில் ஷட்டரின் ஸ்பிரிங்கும் ஓரப் பள்ளமும்தான் முதலில் துருப்பிடிக்கும். கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு இரட்டைக் கதவே என் பரிந்துரை. அது வெளிப்பக்கம் திறக்கட்டும், திறந்த நிலையில் கதவைப் பூட்டி நிறுத்தத் தரையில் கொக்கி இருக்கட்டும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். கொக்கியில்லாத கதவு காரின் மேல் வந்து அடிப்பதற்கு ஆடி வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை.

படி 6: தளமும் சாய்தளமும்

அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள்: ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் அதிகபட்சமாக எதுவரை நின்றது? அந்த மட்டத்துக்கு மேல் ஓரடியாவது தளம் உயர வேண்டும். பெரும்பாலான மனைகளில் சாலை மட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது வரும்.

தளத்தை உயர்த்தினால் ஏற ஒரு சாய்தளம் வேண்டும். எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஒன்றரை அடி ஏற 12 அடி நீளம் தேவை. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சிறிய காரின் முன் உதடு உரசும். எஞ்சின் ஓடாத வண்டியை ஆட்கள் தள்ளி ஏற்றுவதும் கடினம். சாய்தளத்துக்கு முன் வண்டி நேராக நிற்க இன்னும் ஒரு வண்டி நீளம் விடுங்கள். அப்படியானால் 22 அடிப் பட்டறைக்கு மனையின் நீளம் 47 அடி வேண்டும். மனை வாங்கும்போதே இதைப் பார்க்காதவர்கள் பிறகு பட்டறையைக் குறுக்க வேண்டி வருகிறது.

சர்வீஸ் குழி பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் கரையில் வேண்டாம் என்றே சொல்வேன். மண்டபம், இராமேசுவரம் போன்ற மணற்பாங்கான இடங்களில் மழைக்காலத்தில் சில அடி தோண்டினாலே தண்ணீர் ஊறிவிடும். மனிதன் நிற்கும் குழி என்றால் நாலரை அடியாவது ஆழம் வேண்டும். அந்த ஆழத்தில் உப்பு நீரைத் தடுத்து நிறுத்தும் தொட்டி கட்டுவது தனிச் செலவு. அதைவிட முக்கியம், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் குழியில் இறங்கித் தங்கும். ஒரு பொறி போதும். இரும்புச் சாய்வுத் தாங்கிகள் இரண்டு வாங்கி வண்டியை ஏற்றிக்கொள்ளுங்கள். அவற்றின் நீளத்தையும் படி 3-இல் கோட்டுக்குள் வைத்துப் பாருங்கள்.

மணல் மனையில் கிராவல் நிரப்பும்போது முக்கால் அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டு இடித்து இறுக்க வேண்டும். மேலே பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் நான்கு அங்குலக் கான்கிரீட். லிப்ட் தூண் வரும் இடத்தில் ஆறு அங்குலமும் கம்பியும் வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் தளம் மட்டமாக இருக்கட்டும், வாசலருகே மட்டும் லேசான சரிவு. ஜாக்கியை எங்கே நிறுத்தினாலும் அது உருளாமல் நிற்க வேண்டும்.

கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு மனையிலேயே ஊறும் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறிப்பான ஐ.எஸ். 456-இன்படி கம்பி வைத்த கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. நம் கரையோர ஆழ்துளைக் கிணறுகள் பல இதைத் தாண்டும். அதே தரக்குறிப்பு கடலோரத்தில் காற்றுக்குத் திறந்திருக்கும் கம்பிக் கான்கிரீட்டுக்கு எம்30 என்னும் வலிமைத் தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் கேட்கிறது. கொத்தனார் வழக்கப்படி ஓர் அங்குலம்தான் விடுவார். தூண் கட்டும் நாளன்று பக்கத்தில் நின்று அளந்து பாருங்கள்.

படி 7: காற்று எந்தப் பக்கம்?

நம் மாவட்டத்துக்கு இரண்டு கரைகள். வடக்கே பாக் விரிகுடா: தொண்டி, தேவிபட்டினம், மண்டபத்தின் வடகரை. தெற்கே மன்னார் வளைகுடா: கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். ஒரே அளவுப் பட்டறையானாலும் இந்த இரண்டு கரைகளிலும் வாசல் ஒரே திசையில் இருக்கக் கூடாது.

வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று கீழக்கரைப் பக்கத்தில் நேராகக் கடலிலிருந்து ஏறி வருகிறது. அங்கே வாசலைத் தெற்கிலோ மேற்கிலோ வைத்தால் ஸ்பேனர்களின் மேல் ஒவ்வொரு காலையும் உப்புப் பிசுக்கு படிந்திருக்கும். கிழக்கு நல்லது, வடகிழக்கு மழைச் சாரலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு போடுங்கள். தொண்டிப் பக்கத்தில் கச்சான் நிலத்தின் மேல் வந்து மண்ணை மட்டும் கொண்டுவரும். அங்கே உப்பையும் மழையையும் சுமந்து வருவது ஐப்பசிக்குப் பிறகு வரும் வாடை. வாசல் தெற்கே இருக்கட்டும். இராமேசுவரம் தீவில் இரண்டுமே அடிக்கும். அங்கே வீட்டுச் சுவரையே காற்றுத் தடுப்பாக்கி, பட்டறையை வீட்டின் மறைவில் வையுங்கள்.

பக்கம் திறந்த கொட்டகை குளிர்ச்சியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்து தூக்கும். மூன்று பக்கமாவது மூடிவிட்டு, எதிரெதிர் சுவர்களில் மேலே ஜாலி வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டு வேலை பார்க்கும்போது புகை வெளியேறவும் அது உதவும். கூரைத் தகடு சுவருக்கு வெளியே ஒன்றரை அடிக்கு மேல் நீள வேண்டாம். ஓரங்களிலும் மூலைகளிலும் திருகாணிகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள், காற்று தூக்குவது அங்கிருந்துதான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை என்ன செய்தது என்பதைப் பார்த்த மண் இது.

இரும்புச் சட்டத்தை வெல்டு செய்த இடங்களில் மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். ஒவ்வொரு மூட்டிலும் துத்தநாகப் பிரைமர் அடித்த பிறகே வண்ணம். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனிப் பாதுகாப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள் என்றால், நம் காற்றின் குணத்தை நினைத்துப் பாருங்கள்.

படி 8: கருவி அறை

மொத்த அளவில் ஆறுக்கு எட்டு அடியைப் பிரித்து, கதவு உள்ள தனி அறையாக்குங்கள். டார்க் ரெஞ்ச், மீட்டர்கள், பேரிங், வெல்டிங் ராடு எல்லாம் அதற்குள். ஈரம் ஏறிய ராடில் வெல்டு நிற்காது. உள்நாட்டு ஊர்களில் இது வசதி, இங்கே அவசியம். இடம் இல்லையென்றால் வேலை மேசையின் அடியை முழுக்க மூடிய அலமாரியாக்கலாம். கம்ப்ரசருக்கு வெளிச்சுவரை ஒட்டி மூன்றுக்கு மூன்றில் கூரையுள்ள சிறு கூடு போதும். காற்றடிக்காத பக்கம் பாருங்கள். பெட்ரோலும் தின்னரும் பட்டறைக்கு உள்ளேயே வேண்டாம்.

விளக்குகள் வண்டியின் நடுவுக்கு மேலே அல்ல, இரண்டு பக்கமும் நீளவாக்கில். காசு வாங்கி வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் மின்வாரியத்தில் வணிக இணைப்பு கேளுங்கள்.

படி 9: கழுவும் இடமும் தண்ணீரும்

தனுஷ்கோடிக்குப் போய் வந்த வண்டியையும், ஐஸ் பெட்டி ஏற்றி மீன் சுமக்கும் மொபெட்டையும் நல்ல தண்ணீரில் கழுவாமல் பட்டறைக்குள் ஏற்றக் கூடாது. அதற்கு வெளியே பத்துக்குப் பதின்மூன்று அடியில் ஒரு சிமெண்டுத் தளம். சாய்தளத்துக்கு முன் விட்ட ஒரு வண்டி இடத்தையே இதற்குப் பயன்படுத்தலாம், தனியாக நிலம் வேண்டாம்.

தண்ணீருக்குக் கூரையைப் பாருங்கள். மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். 308 சதுர அடிக் கூரையில் வழிந்தோடி வீணாவது போக ஆண்டுக்குச் சுமார் 18,000 லிட்டர் பிடிக்கலாம். குடிநீர்க் குழாயில் வருவதை வண்டிக்கு ஊற்றுவது நம் ஊரில் நியாயமில்லை. 2,000 லிட்டர் தொட்டி ஒன்றுக்கு ஐந்துக்கு ஐந்து அடி ஒதுக்குங்கள், தாழ்ந்த கூரைப் பக்கத்தில். கழுவிய நீர் ஊருணிப் பக்கம் போகாமல், எண்ணெயைப் பிரிக்கும் சிறு தொட்டி வழியாகப் போகட்டும்.

படி 10: அனுமதியும் நீட்டிப்பும்

உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் இருக்கும் மனைகள் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வரலாம். கழிமுக ஓரங்களுக்கும் தனி வரம்பு உண்டு. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே ஊராட்சியிலோ நகராட்சியிலோ வரைபடத்தைக் காட்டி, எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியைக் கழித்த பிறகு மிஞ்சும் நிலத்தில்தான் படி 2-இன் கணக்கு செல்லும்.

பணம் போதவில்லையென்றால் அகலத்தில் கை வைக்காதீர்கள். நீளத்தை இப்போதைக்கு 18 அடியில் நிறுத்துங்கள். முன்பக்கம் மீதி நான்கடியைப் பிறகு சேர்க்கலாம். அந்தக் கோடிச் சுவரைப் பளு தாங்காத சுவராகக் கட்டி, கூரைப் பாரத்தைத் தூண்களில் ஏற்றுங்கள். கூரைச் சட்டத்தின் முனைகளில் போல்ட்டுக்கான தகடுகளை இப்போதே வெல்டு செய்து, பிரைமர் அடித்து மூடி வையுங்கள். பிறகு நான்கடி நீட்டும்போது பழைய இரும்பில் மறுபடி நெருப்பு வைக்க வேண்டியிருக்காது.